நான் ‘படம்’ என்று பெயர் வைத்த ஃபோல்டர்

போன மாதம் உங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தேன் அல்லவா, அன்றைக்கு உங்களில் ஒரு தம்பி கேட்டான்: “அக்கா, வெப்சைட்ல பக்கம் வருது, படம் மட்டும் வரலன்னா மொதல்ல எதப் பாக்கணும்?” நான் வாயைத் திறப்பதற்குள், “பாதைதான்லா, கோப்போட பாதை, வேற என்ன” என்று அவனே பதிலையும் சொல்லிக்கொண்டான். எல்லாரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். பதில் சரிதான். ஃபோல்டர் பெயர், கோப்புப் பெயர், பெரிய எழுத்தா சின்ன எழுத்தா, இவற்றைப் பார்த்தால் பெரும்பாலும் பிசகு அகப்பட்டுவிடும்.

ஆனால் பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு மனசு சரியில்லை. அந்தக் கேள்விக்கு என்னிடம் வேறு ஒரு பதில் இருந்தது, சொல்லாமல் வந்துவிட்டேன். நேரில் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள். ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு படிக்க வேண்டாம்.

தொண்ணூறுகளின் கடைசி வருடங்கள். தீவுப் பக்கம், ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் எங்கள் அலுவலகம். கீழே சைக்கிள் பாகம் விற்கும் கடை, மேலே நாங்கள் நான்கைந்து பேர். ‘வெப்சைட் செய்து தருகிறோம்’ என்று பலகை போட்டிருந்தோம். வெப்சைட் என்றால் என்ன என்று வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போனவர்கள்தான் அதிகம். முதலாளி சீனர், நாங்கள் தவுக்கே என்போம். நல்ல மனிதர், ஆனால் பயம் வந்துவிட்டால் கத்துவார். அந்த வருடங்களில் அவருக்கு அடிக்கடி பயம் வந்தது. பொருளாதாரம் சரிந்து, மாக் மண்டின் பக்கம் தொழிற்சாலைகள் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த நேரம் அது.

அப்படி அனுப்பப்பட்டவர்களில் ஒருவர்தான் ரொஹானி அக்கா. மலாய்க்காரர், நாற்பது வயது இருக்கும். பதினைந்து வருடம் தொழிற்சாலையில் நின்று வேலை பார்த்தவர். வேலை போனதும் உட்கார்ந்து அழாமல் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்ப் படித்துவிட்டு எங்களிடம் வந்து சேர்ந்தார். மூன்று மாதத் தகுதிகாண் காலம். நான் சொல்லப்போகும் வாரக் கடைசியில் அது முடிகிறது. வேலையை நிரந்தரமாக்கும் கடிதம் அடிக்கப்பட்டுத் தவுக்கேயின் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. எங்கள் எல்லாருக்கும் தெரியும். அக்காவுக்கும் தெரியும். “பிள்ளைங்ககிட்ட இன்னும் சொல்லல சரோ, கையில வாங்கிட்டுத்தான் சொல்லணும்” என்று என்னிடம் மலாயில் சொல்லியிருந்தார். அவர் பேசியது எல்லாம் மலாய்தான், நான் இங்கே தமிழாக்கி எழுதுகிறேன்.

அவருடைய வேலை சர்வரைப் பார்த்துக்கொள்வது. வாடகைக்கு எடுத்த சர்வர். இடம் கையளவுதான், பழையதை அழித்தால்தான் புதியது ஏறும். அழிக்க வேண்டியதைச் சுவரில் இருந்த வெள்ளைப் பலகையில் எழுதிப் பக்கத்தில் ‘பாடாம்’ என்று போடுவோம். மலாயில் அதற்கு ‘அழி’ என்று அர்த்தம். விளக்கை அணைக்கவும் அந்தச் சொல்தான், கரும்பலகையைத் துடைக்கவும் அந்தச் சொல்தான். இந்த நாட்டில் பள்ளிக்கூடம் போன எல்லாருக்கும் தெரிந்த சொல்.

இப்போது என் லட்சணத்தைக் கேளுங்கள். மாக் மண்டினில் பித்தளைக் குழாய் செய்யும் தொழிற்சாலை ஒன்று எங்களுக்குப் பெரிய வாடிக்கை. அதன் மேனேஜர் குணா அண்ணே, நம் ஆள்தான், ஒரு நாளைக்கு ஐந்து தடவை போன் செய்வார். அவர்களுடைய பொருள்கள் நூற்றிருபதையும் படம் பிடித்து வெப்சைட்டில் போட வேண்டும். படங்களுக்குத் தனி ஃபோல்டர் வேண்டும். சர்வரில் ஏற்கெனவே ஆங்கிலப் பெயரில் ஒரு படக் கிடங்கு இருந்தது, மலாய்ப் பெயரில் இன்னொன்று இருந்தது. இரண்டிலும் கண்ட கண்ட குப்பை. புதிதாக ஒன்று திறந்தேன். காதில் போன், அந்தப் பக்கம் குணா அண்ணே “தங்கச்சி, படம்லாம் வந்துச்சா, படம் நல்லா இருக்கா” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். கை தானாக அடித்தது. பி, ஏ, டி, ஏ, எம். படம்.

புரிந்ததா? தமிழில் படம். மலாயையும் ஆங்கில எழுத்தில்தான் எழுதுவோம், அதில் அதே ஐந்து எழுத்து ‘பாடாம்’, ‘அழி’ என்று அர்த்தம். எனக்கு இரண்டு சொல்லும் தெரியும். ஆரம்பப் பள்ளி தமிழில், இடைநிலைப் பள்ளி மலாயில் படித்தவள் நான். ஆனாலும் அந்த இரண்டும் ஒரே எழுத்துக்கூட்டு என்பது அன்றைக்கு என் மண்டைக்குள் ஏறவே இல்லை. ஒன்று வீட்டுச் சொல், ஒன்று வெளிச் சொல். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றதை நான் அதுவரை பார்த்ததில்லை.

புதன்கிழமை மத்தியானம் ரொஹானி அக்கா என் மேசைப் பக்கம் வந்தார். நான் மறுபடியும் போனில்தான் இருந்தேன். அவர் திரையைக் காட்டி, “சரோ, இந்த பாடாம், போலே?” என்றார். ‘போலே’ என்றால் ஆகட்டுமா, செய்யலாமா என்று அர்த்தம். படம் எல்லாம் ஏறி முடிந்ததா, சரியா என்று கேட்கிறார் என்று நினைத்தேன். ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, “போலே கா, போலே” என்றேன். தலையை வேறு ஆட்டினேன். அவர் போனார்.

மறுநாள், வியாழக்கிழமை, பன்னிரண்டு மணிக்குக் குணா அண்ணேயின் போன். குரலே வேறு மாதிரி இருந்தது.

“தங்கச்சி, என்னலா இது? படம் ஒன்னுமே காணோம்! பொட்டி பொட்டியா இருக்கு, உள்ள செவப்பா குறுக்க கோடு போட்டிருக்கு. நாலு மணிக்கு ஜெர்மன்காரன் ஆபீஸ்ல ஒக்காந்து பாக்கப்போறான்லா. இந்த ஆர்டர் போச்சுன்னா இங்க ஒரு ஷிஃப்ட்டையே மூடிருவானுங்க.”

உடனே பக்கத்தைத் திறந்து பார்த்தேன். என் திரையில் எல்லாப் படமும் ஜம்மென்று இருந்தது. நான் திறந்தது எந்தப் பக்கத்தை என்று கேளுங்கள். என்னுடைய கம்ப்யூட்டரிலேயே இருந்த பிரதியை. அதன் பக்கத்திலேயே படங்களின் ஃபோல்டரும் இருந்தது, பிறகு ஏன் வராது? சர்வரில் உள்ளதைத் திறந்து பார்க்க ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். நான் பார்க்கவில்லை. எழுந்து தவுக்கேயிடம் போய், “என் பக்கம் சரியா இருக்கு பாஸ். சர்வர் பக்கம்தான் ஏதோ கோளாறு” என்றேன். அந்த வாக்கியத்தை நீங்களும் தினமும் சொல்கிறீர்கள். சொல்லும்போது அது யார் தலையில் போய் விழுகிறது என்று ஒரு தடவை திரும்பிப் பாருங்கள்.

தவுக்கே ரொஹானி அக்காவைக் கூப்பிட்டார். அக்கா சர்வரைத் திறந்து காட்டினார். ஃபோல்டர் இல்லை.

“நேத்து நான்தான் அழிச்சேன். அது மேலயே பாடாம்னு எழுதியிருந்துச்சு” என்றார். “கேட்டுட்டுத்தான் அழிச்சேன்.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. காது இரண்டும் சூடாகிவிட்டது. அலாமாக், ஐயோ கடவுளே, நான்தான்!

“யார்கிட்ட கேட்டே?” என்று தவுக்கே கத்தினார்.

அக்கா என்னைப் பார்த்தார். விரல் நீட்டவில்லை, பெயர் சொல்லவில்லை. சும்மா பார்த்தார். அந்த நேரம் பார்த்து என் மேசையில் போன் அடித்தது. நான் போய் எடுத்தேன்.

குணா அண்ணேதான். “ஆச்சா தங்கச்சி?” என்றார். ஆகவில்லை, பார்க்கிறோம் என்று என்னவோ சொன்னேன். அரை நிமிஷப் பேச்சு. வைத்துவிட்டுத் திரும்பியபோது தவுக்கேயின் கேள்வி பதில் இல்லாமலே முடிந்திருந்தது. யாரிடமும் கேட்கவில்லை, பொய் சொல்கிறாள் என்று அவர் எடுத்துக்கொண்டார். “இன்னைக்கு இருந்து இத சரி பண்ணிக் குடு. நாளைக்கு வரவேணாம். அந்த லெட்டர்ல நான் கையெழுத்துப் போடல” என்றார். அக்கா, “சரி பாஸ்” என்றார்.

முதலில் வேலையை முடிப்போம், நாலு மணிக்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொன்னேன். அவசரத்தில் இருக்கும்போது இது ரொம்ப நியாயமாகத் தோன்றும். இப்போது வாயைத் திறந்தால் சண்டை, சண்டையில் அரை மணி போகும், குணா அண்ணேயின் ஆட்களுக்கு வேலை போகும், எவ்வளவு பொறுப்பான பெண் நான்! உண்மையில் எனக்குப் பயம். தவுக்கே என்னையும் அனுப்பிவிடுவார் என்ற பயம்தான், வேறு ஒன்றுமில்லை.

நூற்றிருபது படங்களை மறுபடி ஏற்ற வேண்டும். போன் லைனில் ஓடும் மோடம், அந்தக் காலத்து வேகம் உங்களுக்குச் சொன்னாலும் புரியாது. மோடத்துக்குத் தனி லைன், ஆனால் கீழே சைக்கிள் கடையிலும் அதே லைனில் ஒரு போன் இருந்தது. யாராவது ரிசீவரைத் தூக்கினால் இங்கே தொடர்பு அறுந்துவிடும், பாதி ஏறிய படம் பாதியிலேயே நிற்கும். முதல் தடவை ஏற்ற எனக்கு ஒரு முழு நாள் ஆனது. இப்போது கையில் மூன்றரை மணி நேரம்.

ரொஹானி அக்கா நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். வேலை போன ஆள், எழுந்து போயிருக்கலாம், போகவில்லை. “முதல் பக்கத்துப் படத்த ஏத்து. அப்புறம் அந்த ஜெர்மன்காரங்க கேட்ட சாமான் எது எதுன்னு பட்டியல் இருக்குல்ல, அத ஏத்து. மீதி பெறகு பாக்கலாம்” என்றார். பதற்றத்தில் எனக்கு அதுகூடத் தோன்றவில்லை. அகர வரிசையில் ஏற்றப் போயிருந்தேன்.

இங்கேதான் நான் இன்னொரு காரியம் செய்தேன். ஃபோல்டரின் பெயரை மாற்றினேன். பழைய பெயர் வேண்டாம், எல்லாரும் வைக்கிற ஆங்கிலப் பெயராக இருக்கட்டும் என்று. பெயர் மாறினால் நாற்பது பக்கங்களிலும் படத்தின் பாதையை மாற்ற வேண்டும், ஒவ்வொன்றாகத் திறந்து, தேடி, திருத்தி, மறுபடி சர்வரில் ஏற்ற வேண்டும். நெருக்கடியில் எவனாவது இதைச் செய்வானா? உங்களில் ஒருவர் செய்தால் நான் மேசையைத் தட்டித் திட்டியிருப்பேன்.

அக்கா என் திரையைப் பார்த்துவிட்டு, “பழைய பேரையே போடு சரோ. பக்கத்தத் தொடாதே. படம் மட்டும் திரும்பி வந்தா போதும்” என்றார்.

“இல்லக்கா, மறுபடி யாராச்சும் அழிச்சிட்டா?”

“யாரு அழிக்கப்போறா? நான்தான் போறேனே.”

நான் தட்டிக்கொண்டே இருந்தேன். இன்றைக்கு உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன். பாதுகாப்புக்காக நான் பெயரை மாற்றவில்லை. அந்த ஐந்து எழுத்து சர்வரில் இருக்கும் வரை, அக்கா ஏன் அழித்தார் என்பது பார்க்கிற எவருக்கும் புரிந்துவிடும். பெயர் மாறிவிட்டால் அவர் புத்தியில்லாமல் ஒரு ஃபோல்டரை அழித்த பெண் ஆகிவிடுவார், அவ்வளவுதான். என் கை அந்த வேலையைச் செய்தது, எனக்குத் தெரிந்தேதான் செய்தது.

பாதைகளைத் திருத்துவதில் மூழ்கியிருந்தபோது லைன் அறுந்ததை நான் கவனிக்கவில்லை. அக்காதான் கவனித்தார். “சரோ, லைன் போச்சு, பதினஞ்சு நிமிஷமா ஒன்னும் ஏறல” என்றார். இரண்டு மணி தாண்டிவிட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அக்கா எழுந்து கீழே போனார். சைக்கிள் கடைக்காரரிடம் என்ன பேசினாரோ, அதன் பிறகு நாலு மணி வரை அந்தப் போனை யாரும் தொடவில்லை. திரும்பி வந்து, நான் திருத்திய பக்கங்களை வாங்கி ஒவ்வொன்றாகப் படித்தார். மூன்றில் பழைய பெயர் அப்படியே இருந்தது, காட்டினார், திருத்தினேன். என் தப்பை மறைக்கிற வேலைக்கு அவரே பிழை பார்த்துக் கொடுத்தார். அது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

நாலு மணிக்குச் சில நிமிஷம் இருக்கும்போது தவுக்கே சர்வரிலிருந்தே திறந்து பார்த்தார். முதல் பக்கம் வந்தது. பித்தளைக் குழாய்கள் ஒவ்வொன்றாக மேலிருந்து கீழே இறங்கி வந்தன. பட்டியலில் இருந்தது எல்லாம் வந்தது. மீதியில் பத்துப் பன்னிரண்டு இல்லை, அதை யாரும் கேட்கப்போவதில்லை.

நாலரைக்குக் குணா அண்ணே. “தங்கச்சி, நீ கெட்டிக்காரிலா! ஜெர்மன்காரன் நல்லாருக்குன்னுட்டான். படத்த அழிச்ச ஆளத் தூக்கிட்டாங்களாமே, பாஸ் சொன்னாரு. நல்ல வேலை செஞ்சாருலா. அந்த மாதிரி ஆள வச்சிருந்தா எல்லாரும் நடுத்தெருவுலதான் நிக்கணும்.”

“ஆமாண்ணே” என்றேன். ஆமாண்ணே! அந்த ஒரு சொல்லை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

ஐந்து மணிக்கு ரொஹானி அக்கா தன் குவளையையும் தொழுகைத் துணியையும் பையில் வைத்தார். என் மேசைக்கு முன் கொஞ்ச நேரம் நின்றார். “நான் வரேன் சரோ” என்றார். “சரிக்கா” என்றேன். இருவருக்கும் வீடு அக்கரையில்தான், அவருக்கு பட்டர்வொர்த், எனக்கு புக்கிட் மெர்தாஜாம். நான் வேண்டுமென்றே தாமதமாகக் கிளம்பினேன். அப்படியும் அதே ஃபெரியில் அவர் இருந்தார். அவர் என்னைப் பார்ப்பதற்குள் நான் மறுபக்கம் போய் நின்றுகொண்டேன். கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன், வெட்கத்தில் முகம் எரிந்தது.

மறுநாள் காலை தவுக்கே வந்ததும் அவர் முன்னால் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பெயர் வைத்தது நான், கேட்டபோது ஆகட்டும் என்றது நான், பெயரை மாற்றியது எதற்கு என்பதும். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. “நேத்து நாலு மணி நேரம் அவ பக்கத்துலதானே ஒக்காந்திருந்தே?” என்று மட்டும் கேட்டார். பிறகு அந்தக் கடிதத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டு, “போய்க் கூட்டிட்டு வா” என்றார். என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. குழாய்த் தொழிற்சாலையின் பக்கங்கள் வேறு யாருக்கும் தெரியாதே! என் பயத்துக்குக் காரணமே இல்லாமல் போனது. அது தெரிந்தபோது எனக்கு இன்னும் கேவலமாக இருந்தது.

இதுவரை சொன்னதில் உங்களுக்கு வேலைக்கு ஆகிற விஷயம் இருக்கிறது. நெருக்கடியில் பெயரை மாற்றாதே, இருந்ததை இருந்தபடி திரும்ப வை. உன் கம்ப்யூட்டரில் தெரிவதை நம்பாதே, ஊரார் பார்க்கிற இடத்தில் போய்ப் பார். ஒருவர் “ஆகட்டுமா” என்று கேட்டால், எது ஆகட்டுமா என்று திருப்பிக் கேள். இப்போது உங்கள் கருவிகளே இதில் பாதியைச் செய்துவிடும். பாதையில் ஓரெழுத்து பிசகினாலும், பக்கங்களைத் தொகுக்கிற பில்ட் நின்றுவிடும், எந்த வரி என்று திரையில் எழுதிக் காட்டும். தவறு யாருடையது என்று அது சொல்லாது. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும், கேள்வி காற்றில் இருக்கும்போதே சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை மத்தியானம் பட்டர்வொர்த்தில் அக்காவின் வீட்டைத் தேடிப் போனேன். அடுக்குமாடியில் மூன்றாவது மாடி. அவரே கதவைத் திறந்தார். முகம் சுளிக்கவில்லை, உள்ளே வரச் சொல்லித் தேநீர் போட்டுக் கொடுத்தார். பிள்ளைகள் இருவரும் தரையில் படுத்துத் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அழுதுகொண்டே சொன்னேன், மன்னிப்புக் கேட்டேன், கடிதத்தை நீட்டினேன். தவுக்கே கையெழுத்துப் போட்டுவிட்டார், திங்கட்கிழமை வரலாம் என்றேன். அக்கா கடிதத்தை வாங்கி நிதானமாகப் படித்தார்.

“எதுக்குக்கா அன்னைக்கே என் பேரச் சொல்லல?” என்றேன்.

“நீ சொல்லுவேன்னு இருந்தேன்” என்றார். “போன வச்சதும் சொல்லுவேன்னு நெனச்சேன். அப்புறம் நாலு மணிக்குச் சொல்லுவேன்னு நெனச்சேன். அப்புறம் ஃபெரில வந்து சொல்லுவேன்னு நெனச்சேன். நீ அந்தப் பக்கம் போனத நான் பாத்தேன்.”

அவர் கடிதத்தை மடித்து என் கையிலேயே கொடுத்தார்.

“கோபம் இல்ல சரோ. ஆனா நான் திரும்பி வந்தா, உன்கிட்ட ஒன்னொன்னையும் ரெண்டு தடவ கேக்கணும். கேட்டதுக்கு சாட்சியும் வச்சிக்கணும். அப்படி ஒக்காந்து என்னால வேலை பாக்க முடியாது.”

மேசையில் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. அதைக் குடித்து முடிக்கும் வரை அவர் என்னோடு உட்கார்ந்திருந்தார், பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசினார். வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

திங்கட்கிழமை அவர் வரவில்லை.